மைமூன் லாத்தாவின் வாயில் கரையாத மருந்து

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நான்கு பேருக்கும்,

முதலாளி போன வாரம் போன் செய்தார். "மேடம், புதுசா நாலு பேர் வந்திருக்காங்க. எல்லாருக்கும் பட்டம் இருக்கு. ஒரு நாள் வந்து பேசிட்டுப் போங்க" என்றார். நவி மும்பை கோபர்கைரனேயிலிருந்து தாராவிக் கடைக்கு இரண்டு டிரெயின் மாறி வர என் முழங்கால் இப்போது ஒத்துழைப்பதில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். உங்களில் இரண்டு பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது என்று அவர் சொன்னார். வாசிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். கடையில் கூட்டம் இருக்கும்போது வேண்டாம்.

எந்த மருந்தை எந்த அலமாரியில் வைப்பது, காலாவதித் தேதியை எப்படிப் பார்ப்பது, கம்ப்யூட்டரில் எங்கே அமுக்குவது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே கைவந்துவிடும். நான் எழுதப் போவது அந்தக் கவுண்டரில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. என் சர்வீஸில் தப்புகள் வேறும் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் தினமும் நினைவுக்கு வருவது இது ஒன்றுதான்.

வாயில் கரையும் ஃபிலிம்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தபால்தலை அளவில் மெல்லிய தாள். உறையைக் கிழித்து நாக்கில் வைத்தால் கரைந்துவிடும். தண்ணீர் தேட வேண்டாம், மாத்திரையை விழுங்கிப் போராட வேண்டாம். அது வந்த புதிதில் எனக்கு அதன் மேல் தனிப் பிரியமே இருந்தது. லோக்கல் டிரெயினில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்கும், வாந்தியில் வயிற்றில் எதுவும் தங்காதவர்களுக்கும் இதைவிட வசதி என்ன வேண்டும்? கம்பெனிக்காரர்கள் அதற்கு 'ஸ்ட்ரிப்' என்று பெயர் வைத்ததில்தான் குழப்பம். நம் கடையில் ஸ்ட்ரிப் என்றால் பத்து மாத்திரை உள்ள அட்டை. அதனால் நான் 'பேப்பர் மாத்திரை' என்று சொல்லிக் கொடுத்தேன். தாராவிப் பக்கம் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறவர்கள் உண்டு.

ஒரு டாக்ஸிக்காரர் சௌகரியத்துக்காகப் பத்து உறையையும் ஒரே நாளில் பிரித்து, ஃபிலிம்களை வெற்றிலை டப்பாவில் போட்டு வைத்தார். ஜூலை மழை. மூன்றாம் நாள் எல்லாம் சேர்ந்து ஒரே உருண்டையாகிவிட்டது. டப்பாவோடு கடைக்கு வந்து காட்டினார். எல்லோரும் சிரித்தோம். இன்னொரு அம்மா பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு எடுத்து, விரலிலேயே கரைந்துபோனதாகச் சொன்னார். இப்படி வந்த புகார் எல்லாமே ஈரத்தைப் பற்றியது. ஆகவே இந்த மருந்துக்கு எதிரி ஈரம் என்று என் மண்டையில் பதிந்துபோனது. ஈரமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மைமூன் லாத்தா, முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள், கடைக்கு முதலில் வந்தது ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். உங்களுக்குத் தெரியும், திங்கள் சாயங்காலம் அங்கே நிற்க இடம் இருக்காது. அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். முக்காட்டை வாய்வரை இழுத்துப் பிடித்திருந்தார். கன்னத்தில் புற்றுநோய். அறுவை முடிந்து, ஆஸ்பத்திரியில் கதிர் சிகிச்சையும் வாரம் ஒரு ஊசியும் நடந்துகொண்டிருந்தது. சீட்டில் வாந்திக்கு ஃபிலிம் எழுதியிருந்தார்கள். தொண்டை ரணத்தில் மாத்திரை இறங்காது என்பதால்தான் அது.

நான் பெட்டியைக் கொடுத்து, எப்போதும் சொல்வதைச் சொன்னேன். "நாக்குல வைங்க. தானா கரையும். தண்ணி வேண்டாம்."

அவர் தலையை ஆட்டினார். புரிந்துகொண்டார் என்று எடுத்துக்கொண்டேன். பேசினால் வாய் வலிக்கும், அதனால்தான் தலையை ஆட்டினார் என்பது எனக்கு உறைக்கவில்லை. அடுத்த ஆளின் சீட்டு அதற்குள் என் கையில் இருந்தது.

நான்காம் நாள் மறுபடி வந்தார். கவுண்டரில் குனிந்து, முக்காட்டுக்குள்ளிருந்து மெல்லச் சொன்னார். "மருந்து கேக்க மாட்டேங்கு."

திருநெல்வேலிப் பேச்சு. என் அம்மா பேசிய பேச்சு அது. நான் பிறந்து வளர்ந்தது மும்பையில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் என்றாலும் காதில் விழுந்ததும் மனசு இளகியது. "எந்த ஊரு லாத்தா?" என்று கேட்டேன். "மேலப்பாளையம்" என்றார். அதற்கு மேல் கேட்க நேரமில்லை. பின்னால் ஒருவர் "மேடம், ஜல்தி" என்றார். "அந்த ஊசிக்கு வாந்தி அப்படித்தான் இருக்கும் லாத்தா. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால வைங்க, கேக்கும்" என்றேன். அவர் போகவில்லை. எடை பார்க்கும் மிஷின் பக்கம் ஒதுங்கி நின்றார். ஏதோ சொல்ல நினைக்கிறார் என்று தெரிந்தது. கூட்டம் குறைந்ததும் கூப்பிடலாம் என்று இருந்தேன். கூட்டம் குறைந்தபோது அவர் அங்கே இல்லை.

மூன்றாம் முறை ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே நான்கைந்து ஃபிலிம்கள், சுருங்கி, ஓரம் பழுப்பேறி, ஒன்றோடொன்று பிசுபிசுத்து இருந்தன. "ஒட்டிக்கிடுது" என்றார்.

எனக்கு டாக்ஸிக்காரரின் வெற்றிலை டப்பா ஞாபகம் வந்தது. இவரும் உறையைப் பிரித்து ஈரத்தில் வைத்துவிட்டார் என்று முடிவுகட்டினேன். கேட்காமலே கட்டின முடிவு. "கை ஈரமா இருக்கக் கூடாது லாத்தா. வைக்கிற நேரத்துலதான் கவரைக் கிழிக்கணும்" என்று பாடம் எடுத்து, புதுப் பெட்டி ஒன்று கொடுத்தேன். அவர் வாயைத் திறந்து விரலால் மேலே காட்டினார். நான் விரலைத்தான் பார்த்தேன், வாய்க்குள் பார்க்கவில்லை. பல் வலி என்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "டாக்டர்ட்ட சொல்லுங்க" என்றேன்.

அந்த ஃபிலிம்கள் பெட்டியில் கெட்டுப்போனவை அல்ல. அவர் மேலண்ணத்திலிருந்து உரித்தெடுத்தவை. அது எனக்குத் தெரிய இன்னும் ஆறு நாள் ஆனது.

அவரைப் பற்றிப் பிறகு தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணவர் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். அவர் இறந்து ஆறு வருடம். கீழே பட்டறையை வாடகைக்கு விட்டுவிட்டு மேலே ஒற்றை அறையில் லாத்தா மட்டும் இருந்தார். ஒரே மகன் ரஃபீக், நவி மும்பைப் பக்கம் நெருளில் மனைவியோடும் இரட்டைக் கைக்குழந்தைகளோடும் இருந்தான். உம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரிக்குத் தாராவியிலிருந்து போவதுதான் பக்கம், சிகிச்சை முடியட்டும் என்று அவர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து பார்ப்பான். மற்ற நாட்களில், பேச முடியாததால் இருவருக்கும் ஒரு ஏற்பாடு. காலையில் ஒரு மிஸ்டு கால், சாயங்காலம் ஒரு மிஸ்டு கால். மணி அடித்து நின்றால் உம்மா நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம்.

அன்று புதன்கிழமை. காலையிலிருந்து மழை நிற்கவில்லை. முதலாளி மொத்தக் கடைக்குப் போனவர் தாதரில் மாட்டிக்கொண்டார். கடையில் மருந்தாளர் நான் ஒருத்திதான். சேல்ஸ்காரப் பையன்கள் இருவரும் வந்து சேரவில்லை. மத்தியானம் இரண்டு மணி வாக்கில் போன் அடித்தது.

"மேடம், மைமூன் பீவி மகன் பேசறேன். உங்க பில்லுல நம்பர் இருந்துச்சு. உம்மா மிஸ்டு கால் குடுக்கல. நேத்து சாயங்காலமும் குடுக்கல, இன்னிக்கும் குடுக்கல. நான் அடிச்சா எடுக்கல. நான் செம்பூர்ல நிக்கறேன். இதுக்கு மேல டிரெயின் போகாதாம், தண்ணி ஏறிடுச்சு. யாராவது போய்ப் பாக்க முடியுமா? பக்கத்துல எனக்குத் தெரிஞ்ச நம்பர் இது ஒண்ணுதான்."

"பாக்கேன் தம்பி. ஆள் அனுப்புதேன்" என்றேன்.

அனுப்ப ஆள் இல்லை என்று தெரிந்தே சொன்னேன். போனை வைத்துவிட்டு மூன்று பேருக்கு மருந்து கொடுத்தேன். அந்த மூன்று பேரையும் இன்று கேட்டாலும் அடையாளம் சொல்வேன். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வாங்க வந்த பெண், இன்சுலின் வாங்க வந்த பெரியவர், தலைவலித் தைலம் கேட்ட கல்லூரி மாணவன். மருந்தாளர் இல்லாமல் கடை திறந்திருக்கக் கூடாது என்பது சட்டம். மூடிவிட்டுப் போனால், மழையில் நனைந்து வந்து நிற்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? முதலாளி என்ன சொல்வார்? அந்தம்மா தூங்கிக்கொண்டிருந்தால்? போனில் சார்ஜ் இல்லாமல் போயிருந்தால்? இப்படி ஒவ்வொன்றாகக் காரணம் தேடிக்கொண்டே கை பாட்டுக்கு மருந்தை எடுத்துக் கொடுத்தது. நெருக்கடி நேரத்தில் நீங்களும் இதைத்தான் செய்வீர்கள். தெரிந்த வேலையைச் செய்துகொண்டே இருந்தால் தெரியாத வேலையைத் தள்ளிப் போடலாம் என்று தோன்றும்.

பிறகு அவருடைய சீட்டின் நகலைத் தேடி எடுத்து, அதிலிருந்த ஆஸ்பத்திரிப் பிரிவு நம்பருக்கு அடித்தேன். உண்மையைச் சொன்னால், பொறுப்பை அவர்கள் தலையில் கட்டிவிடலாம் என்ற எண்ணம்தான். ஒரு நர்ஸ் எடுத்தார். பேச்சில் பாலக்காட்டு வாடை. நான் விவரம் சொன்னேன். வாந்தி மருந்து கேட்கவில்லை என்று இரண்டு முறை வந்தார், ஃபிலிம் ஒட்டிக்கொள்கிறது என்றார், ஈரத்தில் வைத்திருக்கிறார், மாற்றிக் கொடுத்தேன்.

"மேடம், நீங்க அவங்களோட வாய் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை."

"கதிர் குடுத்தா உமிழ்நீர் வத்திப் போகும். அந்த வாயில ஈரம் எங்கே இருக்கு, ஃபிலிம் கரையறதுக்கு? ஒட்டிட்டே இருக்கும். நீங்க போய்ப் பாருங்க. போனதும் இந்த நம்பருக்கே அடிங்க. நான் இங்கேயே இருக்கேன்."

என் காது சுட்டது. வாயைத் திறந்து விரலால் மேலே காட்டின அந்த முகம் அப்போதுதான் எனக்குக் கண்ணில் வந்தது.

கவுண்டரில் நின்றவர்களிடம் கைகூப்பி, "ஒருத்தங்க உயிர் விஷயம், கடையை மூடறேன்" என்று இந்தியில் சொன்னேன். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நான் அவ்வளவு நேரம் பயந்ததெல்லாம் வீண். ஒருவர் ஷட்டரை இறக்கக்கூட உதவினார். பஞ்சு, கட்டுத்துணி, உப்புச் சர்க்கரைப் பொடி, டார்ச்சுக்குப் போன். அவ்வளவுதான் எடுத்துக்கொண்டேன்.

சீட்டு நகலில் முகவரி இருந்தது. அந்தச் சந்துக்குள் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். பட்டறையில் பர்ஸ் தைத்துக்கொண்டிருந்த இரண்டு பீகார்க்காரர்கள் மேலே கையைக் காட்டினார்கள். செங்குத்தான இரும்பு ஏணி. கதவு சும்மா சாத்தியிருந்தது.

லாத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுக்கவில்லை. பக்கத்தில் ஒரு வாளி. உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்ததும் கை சற்று உயர்ந்தது. மடியில் போன் கிடந்தது. நன்றாக இருந்தால்தானே மிஸ்டு கால், எடுத்தாலும் பேச வாய் வராது.

"லாத்தா, நான்தான். மருந்துக்கடை. வாயத் தொறங்க."

திறக்கச் சிரமப்பட்டார். டார்ச்சை அடித்தேன். மேலண்ணத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று ஃபிலிம்கள், பாதி பசையாகி, விளிம்பு காய்ந்து, தோலோடு தோலாக ஒட்டியிருந்தன. சுற்றிலும் ரணம்.

"எப்ப வச்சிய?"

ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "நேத்து மத்தியானம் ஒண்ணு. ராவு ஒண்ணு. காலைல ஒண்ணு."

"தண்ணி குடிச்சியளா?"

தலையை மெல்ல அசைத்தார், இல்லை என்று. கைக்கு எட்டும் தூரத்தில் தட்டு போட்டு மூடிய ஜக் இருந்தது. நிறையத் தண்ணீர்.

"ஏன் குடிக்கல?"

"நீதானே சொன்ன. தானா கரையும், தண்ணி வேண்டாம்னு. கரையட்டும்னு இருக்கேன்."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். முதல் ஃபிலிம் கரைந்த பிறகு குடிக்கலாம் என்று காத்திருந்திருக்கிறார். அது கரையவில்லை. வாந்தி வந்ததும் அடுத்ததை வைத்திருக்கிறார். முன்பெல்லாம் விரலால் உரித்து எடுத்திருக்கிறார், ஒவ்வொரு முறையும் ரத்தம் வந்ததால் இந்த முறை எடுக்கவில்லை. அரைப் பகல், ஒரு இரவு, மறுபடி அரைப் பகல், ஜக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

எனக்கு முதலில் தோன்றியது, ஜக்கை எடுத்து அவர் வாயில் ஊற்றுவது. அடுத்தது, அந்த மூன்றையும் பிடுங்கி எறிவது. இரண்டையும் செய்யாமல் போனை அடித்து ஸ்பீக்கரில் போட்டேன். இன்றுவரை அந்த நாளில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நர்ஸ் உடனே எடுத்தார். நான் பார்த்ததைச் சொன்னேன்.

"இழுக்காதீங்க. தோலும் கூட வரும். தண்ணி ஊத்தவும் வேண்டாம், புரை ஏறிடும். சுத்தமான துணியை நனைச்சு ஒத்தி ஒத்தி வைங்க. இளகினதும் துணியிலேயே எடுத்துடுங்க, மூணு டோஸும் ஒண்ணா உள்ளே போக வேண்டாம். அதுக்கு அப்புறம் ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா."

இருபது நிமிடம் ஆகியிருக்கும். ஒரு கையில் போன் டார்ச், இன்னொரு கையில் நனைத்த துணி. நர்ஸ் லைனிலேயே இருந்தார். அந்தப் பக்கம் யாரையோ கூப்பிடுகிற சத்தம், டிராலி உருளுகிற சத்தம் எல்லாம் கேட்டது. இடையிடையே "இளகிச்சா? அவசரம் வேண்டாம்" என்பார். மூன்றாவது ஃபிலிம் துணியோடு வந்ததும் லாத்தா நாக்கை மேலே கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தார். முதல் ஸ்பூன் தண்ணீர் உள்ளே போனபோது கண்ணை மூடிக்கொண்டார்.

பீகார்க்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இருவருமாக அந்த ஏணியில் அவரை இறக்கினார்கள். பெரிய ரோடு வரை தூக்கியே வந்தார்கள். ஒரு டாக்ஸிக்காரர் தண்ணீருக்குள் வண்டியை விடச் சம்மதித்தார். அவசரப் பிரிவில் டிரிப் ஏற்றினார்கள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், "கிட்னி அடிவாங்க ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஒரு நாள் போயிருந்தா" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் ரஃபீக் வந்தான். செம்பூரிலிருந்து நடந்தே வந்திருக்கிறான். இடுப்புவரை சேறு. உம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "ஆன்ட்டி, நீங்க இல்லைன்னா உம்மா போயிருப்பாங்க."

நான் இருந்ததால்தான் போக இருந்தார் என்று சொல்லியிருக்க வேண்டும். "ஒண்ணுமில்ல தம்பி" என்றேன். ஈரச் சேலையோடு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த மூன்று நாள் எனக்கு நடந்ததை யாருக்கும் நடக்க வேண்டும் என்று நான் விரும்பமாட்டேன். செய்தி அதற்குள் பரவிவிட்டது. முதலாளி இனிப்புப் பெட்டி வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். வாடிக்கையாளர்கள் கைகுலுக்கினார்கள். ஒவ்வொரு பாராட்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அங்கே நான் மட்டும் இருப்பேன். அம்மா காலமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எதைச் சொல்லி அழுவதென்றாலும் கேட்க எதிரில் ஆள் வேண்டும். குக்கர் விசில் அடிக்கும், இறக்கி வைப்பேன், சாப்பிடாமல் மூடுவேன்.

இரண்டாம் நாள் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "நீங்க ஏன் மேடம் உங்க தலைல மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க? தண்ணி வேண்டாம்னு பெட்டியிலேயே போட்டிருக்கே" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அன்று மத்தியானம் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பிரித்து, கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்து முழுதும் படித்தேன். கடைசிப் பக்கம், அடியில், எறும்பு ஊர்கிற எழுத்தில் இருந்தது. வாய் வறண்டவர்கள் முதலில் ஒரு மிடறு தண்ணீரால் வாயை நனைத்துக்கொள்ள வேண்டும். எத்தனையோ பெட்டி விற்றவள் நான் அதை அன்றுதான் முதலில் படித்தேன்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லாத்தா தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் தெளிவு வந்திருந்தது. ரஃபீக் பக்கத்தில் இருந்தான். இருவரிடமும் சொன்னேன். நான்தான் தப்பாகச் சொன்னேன், மூன்று தடவை நீங்கள் வந்தும் கேட்கவில்லை, வாயைக் காட்டினீர்கள், பார்க்கவில்லை.

ரஃபீக்கின் முகம் மாறியது. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். அவன் கோபப்பட்டிருந்தால் நியாயம்தான்.

லாத்தா கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"தப்பு இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது தங்கச்சி. ஆஸ்பத்திரில படுக்க வைக்காங்க, லைட்டு போடுதாங்க, எந்திரிங்காங்க. எவ்வளவு கூட்டம்! அவங்களுக்கு ஏது நேரம்? பட்டறைல உள்ளவன் இந்திக்காரன். எம் மவன் கேப்பான், எனக்குப் பேச வாய் வராது. அந்த வாரம் பூரா எங்கிட்ட எங்க ஊரு வாயால பேசுனது நீ ஒருத்திதான். மூணு வார்த்தை. நாக்குல வைங்க, தானா கரையும், தண்ணி வேண்டாம். ரூமுல தனியா கிடக்கும்போ அதத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டுக் கிடந்தேன். பொறவு அத எப்படி மீறுவேன்?"

அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். ரஃபீக் ஜன்னல் பக்கமிருந்து வந்து, "டீ குடிக்கறீங்களா ஆன்ட்டி?" என்றான்.

அந்த நர்ஸைப் பார்த்து நன்றி சொல்ல இரண்டு முறை அந்தப் பிரிவுக்குப் போனேன். பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. குரலை வைத்து ஆளை எப்படித் தேடுவது? அங்கே நான்கு மலையாளி நர்ஸ்கள் இருந்தார்கள். நால்வருமே "அது நான் இல்லை" என்றார்கள். ஒருவேளை டியூட்டி மாறிப் போயிருக்கலாம். என் சர்வீஸ் முழுக்க எனக்குக் கிடைத்த பாடங்களில் பெரியது, முகம் பார்க்காத அந்த அம்மா கேட்ட ஒரே கேள்வி. நீங்கள் வாயைப் பார்த்தீர்களா?

அதற்குப் பிறகு நான் மாறின விதத்தை மட்டும் சொல்கிறேன். ஃபிலிம் வாங்க யார் வந்தாலும், முதல் ஃபிலிமைக் கடையிலேயே என் முன்னால் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதற்கு முன்னால், "சோறு விழுங்கும்போது தண்ணி தேடுதா? காலையில எந்திரிச்சா நாக்கு மேல ஒட்டுதா?" என்று கேட்பேன். ஆமாம் என்றால் முதலில் ஒரு மிடறு குடிக்கச் சொல்வேன். கதிர் சிகிச்சை மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். அலர்ஜி மாத்திரை, மனநல மாத்திரை, வயசு, சர்க்கரை, எதிலும் வாய் வறளலாம். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். பேச முடியாதவர் என்றால் செய்து காட்டச் சொல்வேன். தலையாட்டலைப் பதிலாக எடுத்துக்கொள்வதை நிறுத்தினேன். பின்னால் நிற்கிறவர் ஜல்தி என்பார். சொல்லட்டும். அவர் முறை வரும்போது அவருக்கும் அதே நேரம் கிடைக்கும் என்று ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு சொல்லமாட்டார்.

ஒரு மருந்து கேட்கவில்லை என்று ஒருவர் திரும்பி வந்தால், மருந்தைச் சந்தேகப்படுவதற்கும் அவரைச் சந்தேகப்படுவதற்கும் முன்னால் உங்கள் வாயிலிருந்து வந்த வார்த்தையைச் சந்தேகப்படுங்கள். அவர் வீட்டில் அந்த வார்த்தை என்ன ஆனது என்று கேளுங்கள்.

லாத்தாவின் சிகிச்சை பத்து நாள் நின்று, மறுபடி தொடர்ந்து, முடிந்தது. அறையைப் பட்டறைக்காரர்களுக்கே விட்டுவிட்டு நெருளுக்குப் போனார். போகிற அன்று கடைக்கு வந்தார். கூட்டம் இருந்தது. ஓரமாக நின்றார். நான் வேலையை நிறுத்திவிட்டு அவரிடம் போனேன். அவ்வளவுதான் நடந்தது, ஆனாலும் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் கடையில் இருந்த கடைசி வருடம், ஒரு மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது.

"என்ன லாத்தா, என்ன மருந்து வேணும்?"

"மருந்து ஒண்ணும் வேண்டாம். எல்லாரும் வெளிய போயிருக்காவ. சும்மாதான் போட்டேன்."

கவுண்டரில் இரண்டு பேர் நின்றார்கள். பிறகு பேசுகிறேன் என்று வாய்வரை வந்தது. அவர்களிடம் ஐந்து நிமிடம் என்று கையைக் காட்டிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இப்போது அவருக்கு வீடு நிறைய ஆள். பேரப்பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை, இதுவரை எல்லாம் சரியாக இருக்கிறது. எனக்குத்தான் இங்கே கோபர்கைரனேயில் பழக்கமான முகம் கிடையாது. பக்கத்து ஃபிளாட்டில் மராத்திக்காரர்கள், காலையில் போனால் இரவுதான் வருவார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நான் நெருளுக்குப் போன் போடுகிறேன். "என்ன விசயம் தங்கச்சி?" என்பார். சும்மாதான் என்பேன். மேலே கேட்கமாட்டார். பேரன் அடித்த லூட்டி, மருமகள் வாங்கின மிக்ஸி, மீன்காரன் ஏமாற்றினது எல்லாம் சொல்லிக்கொண்டே போவார். நான் உம் கொட்டுவேன். போனை வைத்த பிறகுதான், அன்றைக்கு நான் பேசிய முதல் ஆள் அவர் என்பது நினைவுக்கு வரும். பல நாட்களில் கடைசி ஆளும் அவர்தான்.